அஞ்சலை புடவையில் கட்டிய வீடு

உங்கள் தங்கை வீடு கட்டப்போகிறாள், அதற்குப் படம் நீங்கள்தான் வரைந்து தரவேண்டும் என்று நெய்வேலியிலிருந்து மாப்பிள்ளை தங்கவேல் எழுதியபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஈப்போவில் ஈயம் தோண்டும் இடத்தை நாங்கள் லம்பம் என்போம். அப்படி ஒரு லம்பத்துக் கம்பெனியில் வாழ்நாள் முழுவதும் படம் வரைந்தவன் நான். மண்வாரிக் கப்பலின் பல்சக்கரம், பம்பு, தண்ணீர்த் தொட்டி என்று எத்தனையோ வரைந்தாகிவிட்டது. ஒரு மனிதர் படுத்துத் தூங்குகிற வீட்டை வரையச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

அஞ்சலை எனக்குப் பிறகு பிறந்தவர்களில் கடைசி. அத்தை மகனான தங்கவேலுவுக்குக் கட்டிக்கொடுத்து இந்தியாவுக்கு அனுப்பிவிட்டோம். அவர் ராசிபுரத்துக்காரர், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட். இன்னும் சில வருடத்தில் ஓய்வு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். அதற்காக வடலூருக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் நடுவில் ஒரு பழைய முந்திரித் தோப்பின் ஓரத்தில் மனை வாங்கியிருந்தார்கள்.

"மனையில் ஐந்து மரம் நிற்கிறது. ஒன்றைக்கூட வெட்டக்கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நடுவில் நிற்கிற பலாவை எடுக்காமல் வீடே வராது. நீங்கள் வந்து சொன்னால் கேட்பாள். நம்ம குவார்ட்டர்ஸ் மாதிரியே ஒரு பிளான் போதும்" என்று எழுதி, குவார்ட்டர்ஸின் அளவுகளையும் அனுப்பியிருந்தார். நானும் மை தொட்டு, கோடு பிசகாமல், அழகாக வரைந்தேன். பலாமரம் இருந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி. படத்தைச் சுருட்டி நீளமான தகரக் குழாயில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

கப்பலில் வாந்தி எடுத்த கதையையும் சென்னையில் சுங்கக்காரர் என் பெட்டியைக் கவிழ்த்த கதையையும் எனக்கு முன்னால் போனவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் வடலூரில் தொடங்குகிறேன்.

வடலூரில் பசி. சத்திய ஞான சபைக்குப் பக்கத்துத் தருமசாலையில் யார் எவர் என்று கேட்காமல் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். ஈப்போவில் கோயில் திருவிழா அன்று மட்டும் நடப்பது இங்கே தினமும் நடக்கிறது. வயிறு நிறைந்த தெம்பில் நெய்வேலி பஸ்ஸில் ஏறினேன். கூட்டத்தில் என் தகரக் குழாய் நாலு பேர் விலாவில் இடித்தது. பக்கத்தில் நின்றவர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாங்க இது, துப்பாக்கியா?"

"வீடு" என்றேன்.

"வூடா? இதுக்குள்ளயா?" என்று அவர் பின்னால் இருந்தவரிடம் சொல்ல, அவர் அதற்குப் பின்னால் இருந்தவரிடம் சொல்ல, பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர் வந்து, "பெருசு, வூட்டத் தூக்கி மேல போடுங்க" என்று குழாயைப் பிடுங்கிக் கூரைமேல் முந்திரி மூட்டைகளுக்கு நடுவே செருகிவிட்டார்.

டவுன்ஷிப்பில் இறங்கினேன். சைக்கிளோடு காத்திருந்த தங்கவேல் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். தலை நரைத்து, தடித்த கண்ணாடி போட்டிருந்தார். நலம் விசாரித்து முடித்த பிறகுதான் அவர் என் கையைப் பார்த்தார்.

"மச்சான், பிளானு?"

பஸ் விருத்தாசலம் ரோட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. கூரைமேல் என் குழாய் வெயிலில் மின்னியது. "அதோ போகுது" என்றேன். தங்கவேல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டவுன்ஷிப்பை நான் இப்படி எதிர்பார்க்கவில்லை. சுரங்க ஊர் என்றால் எனக்குத் தெரிந்தது மணல் மேடும் பச்சைத் தண்ணீர்க் குட்டையும்தான். எங்கள் பக்கம் ஈயத்தை எடுத்தபின் குழியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே நேர்நேரான சாலைகள், இரண்டு பக்கமும் மரம், பிளாக் பிளாக்காக வீடுகள், வீட்டுக்கு வீடு மா, தென்னை, முருங்கை. சுரங்கம் மூழ்காமல் இருக்க நிலத்தடித் தண்ணீரை ராப்பகலாக இறைக்கிறார்களாம், ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. இத்தனை மரமிருக்கும் ஊரில் ஒருத்தி மரத்துக்காக ஏன் சண்டை போடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அஞ்சலை வாசலிலேயே நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். "ஏன் அண்ணே இப்படி எலும்பா வந்து நிக்கிற, அண்ணி சோறு போடறதில்லையா?" என்று சத்தம் போட்டாள். பிளான் விருத்தாசலம் போன செய்தியைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்லதாப் போச்சு. அதுக்கு அந்த ஊருதான் சரி."

சாப்பாட்டுக்குப் பச்சை முந்திரிப் பருப்புக் குழம்பு. கூடவே மிளகாயும் கருவாடும் சேர்த்து இடித்து அவளாகவே கண்டுபிடித்த ஒரு சம்பல். நம் ஊர் இறால் விழுதான பெலாச்சான் இல்லாமலே நம் ஊர் வாசம் வந்தது. மூன்று தடவை சோறு வாங்கினேன். அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மலையாளத்து அம்மாள் கணவரிடம் பேசியது காதில் விழுந்தது. ஈப்போவில் மலையாளிகளோடு பழகியவன் நான், புரிந்துவிட்டது. அவர் சொன்னது இதுதான்: "மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவளைத் திருத்த மலேசியாவிலிருந்து ஆளை இறக்கியிருக்கிறார்கள்."

"நீ எதுக்கு இப்படிப் பிடிவாதம் பண்ற?" என்று கேட்டேன்.

"அண்ணே, முதல் குவார்ட்டர்ஸ்ல ஒரு மாங்கன்னு வச்சேன். காய்க்க ஆரம்பிச்சிச்சு, இவருக்குப் புரமோஷன் வந்திச்சு, பெரிய டைப்பு வீடு குடுத்தாங்க. அங்க கொய்யா, எலுமிச்ச. அதுவும் காய்ச்சிச்சு, இங்க வந்துட்டோம். இந்த ஊருக்கே இதான் வழக்கம். நான் வச்சத யாரோ பறிக்கிறாங்க, யாரோ வச்சத நான் பறிக்கிறேன். அதுகூடப் பரவால்ல. போன வருசம் அந்தப் பக்கம் போனேன். என் மாமரத்த வெட்டிட்டு ஸ்கூட்டர் நிறுத்த ஷெட்டு போட்டிருக்காங்க. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "இது என் மண்ணு. இங்க நிக்கிறத யாரும் வெட்ட முடியாது. நானே வெட்டினா அப்புறம் என்னா இருக்கு?"

வெள்ளிக்கிழமை கடைக்கால் பூஜை என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முதல் நாள் காலையில் பலாவை வெட்ட ஆள் வரச்சொல்லியிருந்தார் தங்கவேல்.

மறுநாள் மாப்பிள்ளை முதல் ஷிப்டு போய்விட்டார். அஞ்சலை என்னை மனைக்குக் கூட்டிப்போனாள். கத்திரி முடிந்தும் வெயில் அடங்கவில்லை, செம்மண் செருப்பைத் தாண்டிச் சுட்டது. முந்திரி மரங்களைத் தாண்டி ஒரு திருப்பம் திரும்பியதும் நின்றுவிட்டேன்.

அங்கே ஒரு வீடு இருந்தது. சவுக்குக் கம்புகளை நட்டு, கம்புக்குக் கம்பு பழைய புடவைகளைக் கட்டிச் சுவர் எழுப்பியிருந்தாள். பச்சைப் புடவையில் சமையலறை, மாம்பழ நிறத்தில் கூடம், ஊதாவில் படுக்கையறை. நடுவே கூரையில்லாத முற்றம். அதில் அடிமுதல் காய்த்துத் தொங்குகிற பலா. மேற்கே இரண்டு வேம்பு, தெற்கே இரண்டு முந்திரி. வீடு நேராக ஓடாமல் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது. நாங்கள் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த கிளிப்பச்சைச் சேலை குளியலறைச் சுவராக ஆடிக்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் ஜனங்க இத பொடவ வூடுன்னு சொல்லுதுங்க" என்றபடி பலாவின் அடியிலிருந்து எழுந்துவந்தார் ஒருவர். கலியமூர்த்தி மேஸ்திரி, குறிஞ்சிப்பாடிக்காரர், இந்த வீட்டைக் கட்டப்போகிறவர். "நானும் எத்தினியோ வருசமா நெய்வேலிக்காரங்களுக்கு வூடு கட்டிகினு இருக்கேங்க. ரிட்டயர் ஆறவங்க வந்து நிப்பாங்க, என்னா டைப்புங்கன்னு கேப்பேன், டைப்ப சொல்லுவாங்க, அவங்க குவார்ட்டர்ஸ அப்பிடியே கட்டிக் குடுத்துடுவேன். நூலு புடிக்கவே வேணாம், அத்தினி அளவும் மனசுல இருக்கு. இந்தம்மா டைப்பு எதுலயும் இல்லீங்க."

அவர் சொன்னது நிஜம். வரும் வழியெல்லாம் பார்த்தேன். மொட்டை வெயிலில், ஒரு மரம் இல்லாமல், டவுன்ஷிப் வீட்டை உரித்துவைத்த மாதிரி வீடுகள். இரண்டு பக்கமும் ஒட்டிய வீடே இல்லாத இடத்தில்கூடப் பக்கச் சுவரில் ஜன்னல் வைக்கவில்லை, குவார்ட்டர்ஸில் அந்தப் பக்கம் அடுத்த வீடு இருந்தது என்பதற்காக.

அஞ்சலை எனக்குத் தன் வீட்டைச் சுற்றிக்காட்டினாள். ஒரு வருடமாக வாரம் தவறாமல் பஸ் ஏறி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். காலையில் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே ஒரு செங்கல், மத்தியானம் எங்கே விழுகிறதோ அங்கே ஒரு செங்கல். மழை நாளில் குடையோடு வந்து தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்திருக்கிறாள். புடவை எந்தப் பக்கம் உப்புகிறதோ அங்கே ஜன்னல். சாயங்காலம் கடலூர்ப் பக்கமிருந்து வரும் காற்று கூடத்தில் நுழைந்து முற்றத்தின் வழியே வெளியேறும். மேற்கு வெயிலை வேம்பு பார்த்துக்கொள்ளும். குளிக்கிற தண்ணீர் பலாவுக்கு, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வாழைக்கு.

"குவார்ட்டர்ஸ்ல கரண்டு போகாது, குழாயில தண்ணி நிக்காது. வெளிய வந்தா அப்படியா? காத்துக்கும் நிழலுக்கும் யாரும் பில்லு அனுப்ப மாட்டாங்க அண்ணே."

நான் படம் வரைகிறவன், சும்மா விடுவேனா? பலா வேர் சுவரைத் தூக்கும், சருகு கூரைத் தண்ணீர் போகும் வழியை அடைக்கும், புயல் வந்தால் கிளை கூரையில் விழும் என்று அடுக்கினேன். அவள் கூரையை மரத்திலிருந்து தள்ளியே வைத்திருந்தாள். சருகைத் தினமும் கூட்டுவது தன் கவலை என்றாள். வேரை மட்டும் என்னிடமே தள்ளினாள். "அதுக்குத்தானே நீ வந்திருக்க" என்று சொல்லிவிட்டு, முந்திரிப்பழத்தை அறுத்து உப்புத் தடவிக் கையில் கொடுத்தாள். அதன் துவர்ப்பில் இருமல் வந்தது.

பச்சைப் புடவைச் சமையலறையில் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். வெளியே மண் கொதிக்கிறது, உள்ளே காற்று வந்துகொண்டே இருக்கிறது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. விழித்தபோது மனம் மாறிவிட்டது. இதை ஒளிக்க ஒன்றுமில்லை. நல்ல வேலையைக் கண்டால் எனக்குத் தெரியும். அது என் தங்கையுடையதாக இருந்தால் மார்பு கொஞ்சம் விரியத்தான் செய்யும்.

கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமங்களில் மலாய்க்காரர்கள் வீட்டைத் தூண்மேல் தூக்கி வைக்கிறார்கள். அடியில் கோழி மேயும், வெள்ளம் ஓடும், வேர் எப்படி வேண்டுமானாலும் போகும். சுவர் முழுவதற்கும் பள்ளம் தோண்டினால்தானே வேர் குறுக்கே வரும்? மேஸ்திரியும் நானும் கடப்பாறையோடு மண்டியிட்டு, பலாவின் பெரிய வேர்கள் போகும் வழியைக் கையால் மண் தள்ளித் தேடினோம். வேருக்கு இந்தப் பக்கம் ஒரு தூண், அந்தப் பக்கம் ஒரு தூண், மேலே உத்தரம், அதன்மேல் சுவர். மேஸ்திரி குந்தியபடியே யோசித்தார்.

"வேர தாண்டிகினு போவுது, இல்லீங்களா? ஆவுங்க. ஆனா அய்யா வெட்டுன்னா வெட்டுவேன், அம்மா வுடுன்னா வுடுவேன். ரெண்டு பேரும் கூடிப் பேசி ஒண்ணு சொல்லுங்க."

அய்யாவைச் சரிக்கட்டும் வேலை எனக்கு. அவரைத் தனியாகப் பிடிக்கலாம் என்று மறுநாள், புதன்கிழமை, ஷிப்டு முடிந்து அவர் டீ குடிக்கும் கடைத்தெருப் பக்கம் போகிற பஸ் என்று நினைத்து ஒன்றில் ஏறினேன். உள்ளே எல்லார் தலையிலும் ஹெல்மெட். ஷிப்டு பஸ்! இறங்குகிறேன் என்று கத்தியும் அது நிற்கவில்லை. "உக்காருங்க தாத்தா, எந்த செக்‌ஷன்ல சேந்திருக்கீங்க?" என்று ஒரு பையன் இடம் கொடுத்தான். நேராகச் சுரங்க வாசலில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

நல்லதாகத்தான் போயிற்று. தங்கவேல் ஷிப்டு முடிந்து வெளியே வந்தவர், என்னைக் கண்டு வாயைப் பிளந்தார். பிறகு மேட்டிலிருந்து சுரங்கத்தைக் காட்டினார். ஆழத்தில் ஒரு ராட்சதச் சக்கரம் மண்ணைக் கடித்துக் கடித்து ஓடுகிற பட்டையில் துப்பிக்கொண்டிருந்தது. எங்கள் மண்வாரிக் கப்பலை இதன் மடியில் உட்காரவைத்துவிடலாம். அந்தப் பட்டையைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. இரண்டாம் சுரங்கத்துக்கும் வேலை தொடங்கிவிட்டது என்று தன் சொந்தச் சொத்தைப் போலச் சொன்னார்.

கேன்டீனில் போண்டாவும் டீயும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். வேரைத் தாண்டும் உத்தரத்தை மேஜையில் தண்ணீர் தொட்டு வரைந்து காட்டினேன். கேட்டுக்கொண்டார். கேள்வியே கேட்கவில்லை. வேர் அல்ல இவருடைய பிரச்சினை என்று புரிந்தது.

"மாப்ளே, மனசுல இருக்கறதச் சொல்லுங்க."

சுற்றிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "மச்சான், நைட் ஷிப்டு முடிஞ்சு வந்தா நான் லைட்டே போடமாட்டேன். அவ தூக்கம் கெடக்கூடாது பாருங்க. வாசல் கேட்டு, செருப்பு, திரும்பினா ஆணி, பைய மாட்டுவேன், பானையில தண்ணி, அப்புறம் கட்டில். காலுக்கு எல்லாம் தெரியும். இப்ப கண்ணு முன்ன மாதிரி இல்ல. பொழுது சாஞ்சா மங்குது. அவ கட்டப்போற வீட்டுல வளைஞ்சு வளைஞ்சு சுவரு, நடுவுல மரம். வயசான காலத்துல என் வீட்டுக்குள்ளயே நான் செவுத்தத் தடவிக்கிட்டு நடக்கணுமா? குவார்ட்டர்ஸ் மாதிரின்னா கண்ண மூடிக்கிட்டு இருந்துடுவேன். இத அவகிட்ட சொல்லிடாதீங்க."

என்னால் அவரோடு சண்டை போட முடியவில்லை. அந்தப் பயம் நியாயமானது. ஊரெல்லாம் ஒரே மாதிரி வீடு கட்டுகிறவர்களைக் கிண்டல் செய்தேனே, அவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பயமோ என்று நினைத்துக்கொண்டேன்.

ரகசியம் காப்பது எங்கள் குடும்பத்தில் இல்லாத பழக்கம். சாயங்காலம் மூவரும் கூடத்தில் இருக்கும்போதே அஞ்சலையிடம் மலாய் மொழியில் சொல்லிவிட்டேன். சின்ன வயதிலிருந்து பெரியவர்களுக்குத் தெரியக்கூடாத பேச்செல்லாம் எங்களுக்கு மலாயில்தான். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே மலாயில் பதில் சொன்னாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அந்த ஆணியில் பை மாட்டுகிற சத்தம் கேட்டால்தான் நான் நிம்மதியாகப் புரண்டு படுப்பேன். கண் மங்கியது இவருக்குத் தெரியுமுன்னே எனக்குத் தெரியும்." தங்கவேல் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் மணி. பஸ் கண்டக்டர் சொல்லி அனுப்பியதாக ஒருவர் என் தகரக் குழாயைக் கொடுத்துவிட்டுப் போனார். விருத்தாசலம், கடலூர், குள்ளஞ்சாவடி எல்லாம் சுற்றிப்பார்த்துவிட்டு அது பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. தங்கவேல் படத்தை உருவித் தரையில் விரித்தார். அவருடைய குவார்ட்டர்ஸ், ஒரு கோடு பிசகாமல். முகம் மலர்ந்துவிட்டது.

"இது வீடு! மச்சான் கைன்னா கைதான். காலையில ஆளு வந்துடுவாங்க, பலாவ எடுத்துடலாம்."

அஞ்சலை கீரையைக் கீழே வைத்தாள். "சரிங்க. காலையில ஷிப்டுக்குப் போற மாதிரியே பை, ஹெல்மெட்டோட வாங்க. என் வீட்டுக்குள்ள ஒரே ஒரு தடவ கண்ணக் கட்டிக்கிட்டு நடங்க. எங்கயாவது இடிச்சிங்க, தடுமாறினீங்க, மரத்த வெட்டிக்கலாம். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"அஞ்சலை, பைத்தியமா உனக்கு!" என்று மலாயில் கத்தினேன். அவள் கீரையை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

வியாழன் காலை நாங்கள் போனபோது மரம் வெட்டுகிறவர்கள் இருவர் கோடரியையும் ரம்பத்தையும் பலாவின் மேல் சாய்த்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி விஷயத்தைக் கேள்விப்பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அஞ்சலை துண்டால் கணவரின் கண்ணைக் கட்டினாள். கண்ணாடியைத் தன் ரவிக்கையில் செருகிக்கொண்டாள்.

கேட் வரும் இடத்தில் நட்டிருந்த இரண்டு கம்புக்கு நடுவே தங்கவேல் நின்றார். கையை நீட்டிக்கொண்டு ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி.

"அப்படி இல்லங்க. நைட் ஷிப்டு முடிச்சு வர்ற மாதிரி வாங்க" என்றாள்.

அவர் கையைத் தொங்கவிட்டார். பெருமூச்சு விட்டார். பிறகு வேலை செய்து களைத்துவந்த மனிதராக நடந்தார். செருப்பைக் கழற்றினார், அந்த இடத்தில் ஒரு செங்கல் மேடை இருந்தது. இடதுபுறம் திரும்பினார். மாம்பழப் புடவை தோளில் உரசியது, ஆனால் அவர் நிற்கவில்லை. எதிரே பலா. நான் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அவர் நடந்தபடியே வலது கையை உயர்த்தி, பார்க்காமல், பழகின அலட்சியத்தோடு பையை மாட்டினார்.

பை தொங்கியது. பலாவின் அடிமரத்தில், எப்போதோ முறிந்த ஒரு கிளையின் முண்டு, அவர் கை எட்டும் உயரத்தில், அவர் கை போகும் இடத்தில் இருந்தது. அந்த ஒரு முண்டுக்காக மொத்த வீட்டையும் அவள் திருப்பி வைத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குவார்ட்டர்ஸில் அவர் நடக்கும் நடையை அளந்து, அதை மரங்களுக்கு நடுவே கொண்டுவந்து, அதைச் சுற்றிச் சுவரைக் கட்டியிருக்கிறாள். வாழ்நாளெல்லாம் படம் வரைந்த எனக்கு, முதலில் நடையை வரைந்துவிட்டுப் பிறகு சுவரை வரையலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

தங்கவேலுவுக்கு இன்னும் தெரியாது. தொடர்ந்து நடந்தார். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். ஊதாப் புடவைக்குள் நுழைந்து, வேம்பு நிழலில் போட்டிருந்த கட்டிலில் உட்கார்ந்தார். துண்டை அவிழ்த்தார். அஞ்சலை கண்ணாடியைக் கொடுத்தாள். எங்கே வந்திருக்கிறோம் என்று சுற்றிப் பார்த்தார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் பலாமரத்தில் தொங்குகிற தன் பையைப் பார்த்தார்.

"பாகுஸ்" என்றார்.

மலாயில் 'பிரமாதம்' என்று அர்த்தம். நானும் அஞ்சலையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"என்னா பாக்கறீங்க? உன்னோட இத்தன வருசம் குடித்தனம் பண்ணியிருக்கேன், காது செவிடா எனக்கு? எங்கம்மாவப் பத்தி நீ உங்க அண்ணனுக்கு டிரங்க் கால்ல சொன்னதெல்லாமே தெரியும்." சொல்லும்போதே அவருக்குக் கண்ணில் தண்ணீர். "நேத்து நீ சொன்னதும் தெரியும் அஞ்சல. அதான் பேப்பர மூஞ்சிக்கு நேரா புடிச்சிக்கிட்டேன்."

அஞ்சலை அப்போதுதான் அழுதாள். மரம் வெட்ட வந்தவர்களில் ஒருவர் கோடரியை மரத்திலிருந்து எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, "அப்ப எங்க வேல?" என்றார். வேலியோரத்து முள்ளை வெட்டச் சொன்னார் தங்கவேல். மேஸ்திரி பையை மாட்டிய முண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு நூல் எடுக்கப் போனார்.

பஞ்சாயத்தில் கொடுக்க ஒழுங்கான படம் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நான் கொண்டுவந்த படத்தைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்திலேயே வரைய உட்கார்ந்தேன். மரங்களை முதலில் வரைந்தேன். அப்புறம் மாப்பிள்ளையின் நடை, புள்ளிக்கோட்டில். அப்புறம் சுவர், வேரைத் தாண்டும் உத்தரங்கள். மூலையில் கட்டம் போட்டு, 'வடிவமைப்பு: அஞ்சலை தங்கவேல்' என்று எழுதினேன். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், 'வரைந்தவர்: அண்ணன்.' என் பெயரைப் போடவேண்டும் என்று தோன்றவில்லை.

அஞ்சலை எட்டிப்பார்த்து, பலாவுக்குத் தெற்கே ஒரு கிளையை விட்டுவிட்டேன் என்று சண்டை பிடித்தாள். தங்கவேல்தான் மூலையைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு மை காய்ந்ததா என்று ஊதிப் பார்த்துவிட்டு, என் கண்ணெதிரே அதை நாலாக மடித்தார். படத்தை மடிப்பதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

"மாப்ளே, அது பஞ்சாயத்துக்கு! எங்க கொண்டு போறீங்க?"

"எங்க செக்‌ஷன் பசங்க செகண்ட் ஷிப்டுல இருப்பாங்க மச்சான். கேன்டீன் வரைக்கும் போய் ஒரு தடவ காட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் சைக்கிளில் ஏறிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பூஜைக்குப் புறப்படும்போது படத்தைத் திருப்பிக் கொடுத்தார். வெள்ளைத் தாள் வெள்ளையாக இல்லை. கூடத்தில், சமையலறையில், முற்றத்தில், எங்கு பார்த்தாலும் கிரீஸ் படிந்த விரல் அடையாளங்கள். பலாமரம் இருந்த இடத்தில் அவை ஒன்றின்மேல் ஒன்றாக அழுந்தி மை தெரியாத அளவுக்குக் கறுத்திருந்தன. என் படம் ஒன்றை இத்தனை பேர் தொட்டுப் பார்த்து நான் கண்டதில்லை. வேறு படம் வரையப் பொழுதிருக்குமா மச்சான் என்று தங்கவேல் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம், இதையே கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.